அடுத்த ஆட்டம் நம்முடையது

கொஞ்ச நாள் முன்பு என் வகுப்புத் தோழி ஒருத்தி கல்லூரிகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் கலந்துகொண்டாள். "கூட வாயேன்" என்று கூப்பிட்டதால் நானும் போனேன். காலை ஏழு மணிக்கே எடை பார்த்துவிட்டார்கள். அவளுடைய முறை வந்ததோ மதியம் இரண்டரை மணிக்கு! அதுவரை காலரியில் உட்கார்ந்து, கையில் பட்டித்துணியைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, மற்றவர்களின் சண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருந்தா வெளிய போய் உக்காரலாமே?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா இதைப் பார்த்தாதான் உள்ள ஏற முடியும்" என்றாள்.

வணிகவியல் படிக்கிற எனக்கு இது புரியவில்லை. தேர்வுக்கு முன்னால் அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்தால் நமக்கு இருக்கிற தைரியமும் போய்விடுமே! வீட்டுக்கு வந்து பெண்கள் குத்துச்சண்டையின் வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு கசப்பான உண்மை. இந்த விளையாட்டில் பெண்கள் வெகுகாலம் பார்வையாளர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1880ல் தொடங்கப்பட்டது. பெண்கள் மீதான தடையை அது நீக்கியது 1996ல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 116 வருடங்கள்! ஸ்வீடன் 1988லேயே தடையை நீக்கியிருந்தது. அமெரிக்காவில் 1993ல் டல்லாஸ் மலாய் என்ற 16 வயதுப் பெண் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ரிங்குக்குள் ஏறும் உரிமையைப் பெற்றாள். சர்வதேச அமெச்சூர் சங்கம் 1994ல் பெண்கள் குத்துச்சண்டையை ஏற்றுக்கொண்டது.

தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் இதே கதைதான். ஜேன் கவுச் என்ற வீராங்கனைக்கு பிரிட்டிஷ் வாரியம் உரிமம் தர மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களின் மனநிலை நிலையாக இருக்காது என்பது! 1998ல் அவர் வழக்கில் ஜெயித்து உரிமம் வாங்கினார்.

இனி அயர்லாந்துக்குப் போவோம். கேட்டி டெய்லர் 1986ல் பிரே என்ற ஊரில் பிறந்தவர். அதே வருடம் அவருடைய அப்பா அயர்லாந்தின் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். அப்பாவின் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்த அந்தச் சிறுமிக்கு அதிகாரப்பூர்வமாகச் சண்டையிட அனுமதி கிடையாது. பட்டியலில் 'கே. டெய்லர்' என்று மட்டும் பெயர் கொடுத்து, தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்து, பையன்களோடு மோதியதாகச் சொல்கிறார்கள். சண்டை முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் கூட்டத்துக்கு விஷயமே தெரியுமாம்.

2001 அக்டோபர் 31 அன்று டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அங்கீகரிக்கப்பட்ட பெண்கள் குத்துச்சண்டை நடந்தது. ரிங்கில் ஏறியவர்களில் ஒருவர் கேட்டி. அப்போது அவருக்கு வயது 15. வெற்றியும் அவருக்குத்தான்.

அதே 2001ல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. மணிப்பூரிலிருந்து போன மேரி கோம் அதில் வெள்ளி வாங்கினார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன் மாநிலத்துக்காரரான டிங்கோ சிங் தங்கம் வாங்கியதுதான் அவரை இந்த விளையாட்டுக்கு இழுத்தது. மகள் குத்துச்சண்டை போடுகிறாள் என்பதே அப்பாவுக்குத் தெரியாது. 2000ல் அவர் மாநிலப் பட்டம் வென்றபோது பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்!

2006 நவம்பரில் புதுடெல்லியில் உலக சாம்பியன்ஷிப். இந்தியாவுக்கு 4 தங்கம். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா ஆகியோர் வென்றவை. 60 கிலோ பிரிவில் கேட்டி டெய்லர் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் அதே டெல்லியில்தான்.

ஆனாலும் ஒலிம்பிக்கின் கதவு மூடியே இருந்தது. 2008 பெய்ஜிங்கிலும் குத்துச்சண்டை ஆண்களுக்கு மட்டும்தான். 2009 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சம்மதித்தது. ஆனால் மூன்றே எடைப் பிரிவுகள், மொத்தம் 36 வீராங்கனைகள். 48 கிலோவில் உலக சாம்பியனான மேரி கோம் 51 கிலோவுக்கு ஏற வேண்டியிருந்தது, அதற்குக் கீழே பிரிவே கிடையாது!

2012 ஆகஸ்ட் 5, லண்டன் எக்ஸெல் அரங்கம். ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் சண்டையில் ரஷ்யாவின் எலீனா சவேலியேவா, வடகொரியாவின் கிம் ஹை சாங்கை 12-9 என்று வென்றார். அதே நாள் மேரி கோம், போலந்தின் கரோலினா மிகால்சுக்கை 19-14 என்று வீழ்த்தினார். அன்று அவருடைய இரட்டைக் குழந்தைகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

இப்போது என் கேள்விக்கு வருவோம். அந்த நாளில் பல வீராங்கனைகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் இல்லை. கேட்டி டெய்லரும் நிக்கோலா ஆடம்ஸும் மறுநாள்தான் இறங்க வேண்டும். அன்று இங்கிலாந்தின் நடாஷா ஜோனாஸும் அமெரிக்காவின் குவானிட்டா அண்டர்வுட்டும் மோதினார்கள். ஜெயிப்பவர் மறுநாள் டெய்லரை எதிர்கொள்வார். அந்த நிலையில் இருப்பவருக்கு அதைப் பார்ப்பது பொழுதுபோக்கா? தன் நாளைய தினத்தையே பார்ப்பது மாதிரி அல்லவா! ஜோனாஸ் 21-13 என்று ஜெயித்தார். மறுநாள் டெய்லர் அவரை 26-15 என்று வென்றார். அரங்கத்தின் சத்தம் 113 டெசிபலைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. 1992 பார்சிலோனா முதல் 2012 லண்டன் வரை அமெச்சூர் குத்துச்சண்டையில் அடிகளை எண்ணித்தான் புள்ளி. நடுவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, பட்டனை அழுத்தினால்தான் அது அடி. எதிராளிக்கு வலித்தால் மட்டும் போதாது. முகத்தில் விழும் நேர் குத்தைப் போல வயிற்றில் விழும் குத்துகள் எளிதில் எண்ணப்படுவதில்லை என்ற குறை எப்போதும் இருந்தது. அன்றைய நடுவர்கள் எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்பது முந்தைய ஆட்டங்களைப் பார்த்தால்தான் தெரியும். 2013க்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பத்துப் புள்ளி முறை வந்துவிட்டது. ஆனாலும் நடுவரின் மனதைப் படிக்கும் வேலை மாறவில்லை.

லண்டனில் மேரி கோம் அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலம் வாங்கினார். ஆடம்ஸ், டெய்லர், 17 வயது அமெரிக்கப் பெண் கிளாரசா ஷீல்ட்ஸ் மூவருக்கும் தங்கம். மூன்றாக இருந்த பிரிவுகள் டோக்கியோவில் ஐந்தாயின, 2024 பாரிஸில் ஆறாயின. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கும் ஏழு என்று முடிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகுதான் தோழி சொன்னது புரிந்தது. 116 வருடம் பார்க்க மட்டுமே விடப்பட்டவர்களுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் முறைக்காக!

அவள் ஜெயித்தாளா என்று கேட்பீர்கள். இல்லை, தோற்றுவிட்டாள். உதடு வீங்கியிருந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அவளோ திரும்பவும் காலரியில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நீல ஜெர்சியில் ஒரு சின்னப் பெண், அடுத்த ஆட்டம் அவளுடையது. ரிங்கைப் பார்த்தபடியே, "அக்கா, அந்த நடுவர் எதுக்கெல்லாம் பாயிண்ட் தர்றாரு?" என்று கேட்டாள். ஐஸ் கட்டியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, என் தோழி பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.