நிறுத்திக்கொள்ளும் உரிமை: ஒளிப்பட மென்பொருள் சந்தாவுக்கு மாறிய வரலாறு

ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளும் வழக்கம் 2013 மே 6 அன்று முடிவுக்கு வரத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அன்று தொடங்கிய மாநாட்டில் அடோபி நிறுவனம், கிரியேட்டிவ் சூட் என்ற பெயரில் தான் விற்றுவந்த மென்பொருள் தொகுப்புக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்றும், போட்டோஷாப் முதலியவற்றின் வருங்காலப் பதிப்புகள் கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தாத் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும் என்றும் அறிவித்தது. சந்தா என்பது, பணம் செலுத்திவரும் காலம்வரை மட்டும் மென்பொருளைப் பயன்படுத்த இசைவு தரும் ஏற்பாடு. இதனால் எழுந்த மனக்குறை பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே பேசப்படுகிறது. ஆயினும், கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றைப் பார்க்கும்போது, பயனர்கள் இழந்தவற்றுள் பணம் இரண்டாம் இடத்தையே பெறுகிறது. புதிய பதிப்பு தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டு, கையில் உள்ளதைக் கொண்டே தொழிலைத் தொடரும் உரிமைதான் முதல் இழப்பு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல், தம் மேக்கின்டாஷ் பிளஸ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். திரைப்படங்களுக்குச் சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய தம்பி ஜான் நோலின் தூண்டுதலால் அது முழுமையான படத்திருத்த மென்பொருளாக வளர்ந்தது. அடோபி அதை முதலில் விலைக்கு வாங்கவில்லை. விற்பனையில் பங்கு தரும் உரிம ஒப்பந்தத்தின் பேரிலேயே 1990 பிப்ரவரியில் போட்டோஷாப்பின் முதல் பதிப்பை வெளியிட்டது. பிந்தைய பதிப்புகளுள், 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது. படத்தின் பகுதிகளைத் தனித்தனித் தாள்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருத்த உதவும் அந்த வசதி, அச்சகங்களிலும் ஒளிப்பட நிலையங்களிலும் வேலை நடக்கும் முறையையே மாற்றிவிட்டது.

அக்காலத்தில் நிலவிய விற்பனை முறைக்கு நிரந்தர உரிமம் என்று பெயர். முழு விலை கொடுத்தவர் அந்தப் பதிப்பைக் காலவரையின்றிப் பயன்படுத்தலாம். அடுத்த பதிப்பு வந்தால் மேம்படுத்தல் கட்டணம் என்ற குறைந்த விலையில் அதற்கு மாறலாம். கிரியேட்டிவ் சூட் காலத்தின் முடிவில், 2012இல், போட்டோஷாப்பின் முழு விலை 699 டாலராகவும் மேம்படுத்தல் கட்டணம் 199 டாலராகவும் இருந்தன. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்தது. சிறு ஒளிப்பட நிலையம் நடத்துபவர் இடையில் ஒரு பதிப்பையோ இரண்டையோ தாண்டிவிட்டு, பயனுள்ள வசதி வரும்போது மட்டும் பணம் செலவிடுவது இயல்பாக இருந்தது. வருமானம் குன்றிய ஆண்டில் எதுவும் வாங்காமல் இருக்கவும் முடிந்தது. இவ்வாறு மறுக்கும் ஆற்றல் வாங்குபவரிடம் இருந்ததால், ஒவ்வொரு பதிப்பும் பணத்துக்கு ஏற்றதென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவர்மேல் விழுந்தது. இந்தச் சமநிலையே அம்முறையின் உண்மையான நன்மை.

அந்தப் பழைய முறையிலும் சட்டப்படியான உடைமை முழுமையாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தை வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கலாம் என்ற கொள்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே ஏற்றது. மென்பொருள் நிறுவனங்களோ தாம் விற்பது பொருளையன்று, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதிவந்தன. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை மறுவிற்பனை செய்தவர் தொடர்பான வழக்கில், 2010இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலையில், ஆரக்கிள் தொடர்பான வழக்கில் இதற்கு மாறாக, காலவரையற்ற உரிமத்தை விலை கொடுத்துப் பெற்றவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி ‘காலவரையற்ற’ என்ற சொல்லில் இருப்பதால், மாதச் சந்தாவுக்கு மாறிய மென்பொருளின் பயனருக்கு அதன் பாதுகாப்பு எட்டவில்லை.

அடோபி ஏன் சந்தாவுக்கு மாறியது என்பதற்கு விடை அதன் கணக்கேடுகளில் கிடைக்கிறது. உலகப் பொருளாதாரச் சரிவின்போது வெளிவந்த நான்காம் கிரியேட்டிவ் சூட்டைப் பலர் வாங்காமல் விட்டனர். 2008 நிதியாண்டில் சுமார் 358 கோடி டாலராக இருந்த அடோபியின் வருவாய் அடுத்த ஆண்டில் சுமார் 295 கோடி டாலராகச் சரிந்தது. பயனர்களின் மறுக்கும் ஆற்றல் நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய இடர் என்பதை இந்தச் சரிவு காட்டியது. 2011 நவம்பரில், மிக அண்மைப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனி மேம்படுத்தல் விலை என்று நிறுவனம் அறிவித்தது. அதுவரை மூன்று பதிப்புகள் பின்தங்கியவர்களுக்கும் அந்தச் சலுகை இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் 2012 முடியும்வரை தற்காலிகமாக இறங்கிவந்தது. அடுத்த ஆண்டே சந்தா அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்த மனுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும் இம்முறை நிறுவனம் பின்வாங்கவில்லை. மாற்றத்தின் முதல் ஆண்டில் அதன் வருவாயும் ஆதாயமும் குறைந்தன; ஆனால் 2024 நிதியாண்டில் வருவாய் 2,150 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

எல்லா மென்பொருள்களுக்குமான சந்தா மாதம் 49.99 டாலர் என்பது ஒளிப்படக்கலைஞர்களுக்குப் பொருந்தவில்லை. காணொளி, அச்சு வடிவமைப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் அவர்களுள் பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை. அதனால் 2013இன் பிற்பகுதியில் போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குத் தரும் ஒளிப்படத் திட்டம் அறிமுகமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டாலர் என்பது பழைய முழு விலையோடு ஒப்பிடும்போது நியாயமானது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 699 டாலரை ஒரேயடியாகத் திரட்ட இயலாத இளைஞர் பலருக்கு அது வாசலைத் திறந்தது. புதிய கேமராக்களின் கோப்புகளைத் திறக்கும் வசதியும் தனிக் கட்டணமின்றிக் கிடைத்தது.

லைட்ரூமின் செய்தி இன்னும் ஆழமானது. 2007இல் வெளிவந்த இந்த மென்பொருள், கேமரா பதிவு செய்த மூலத் தரவான ரா கோப்பை ஒருபோதும் மாற்றுவதில்லை. ஒளியைக் கூட்டுதல், நிறத்தைச் சீர்செய்தல், விளிம்பை வெட்டுதல் போன்ற ஒவ்வொரு செயலையும் அது கட்டளையாக மட்டும் எழுதி, கேட்டலாக் எனப்படும் தரவுத்தளத்தில் சேமித்துவைக்கிறது. திரையில் தோன்றும் படம் அந்தக் கட்டளைகளைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவது. கட்டளைகளின் எழுத்து வடிவத்தைப் பிற மென்பொருள்கள் படிக்கக்கூடும். ஆனால் அவற்றை அதே தோற்றமுள்ள படமாக மாற்றும் கணக்கீடு அடோபியின் மென்பொருளுக்குள்தான் இருக்கிறது. ஆகவே, பதினைந்து ஆண்டுகள் திருமணங்களையோ பறவைகளையோ படமெடுத்தவரின் திருத்த உழைப்பு முழுவதும் அந்த மென்பொருள் இயங்கும்வரைதான் உயிரோடு இருக்கும். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூமின் இன்றைய வடிவமான லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும். ஆனால் திருத்தும் பகுதி அடைபட்டுவிடும். பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் தரும் இந்த இசைவும் நிறுவனத்தின் கொள்கை மட்டுமே, பயனரின் உரிமையன்று.

லைட்ரூம் நிரந்தர உரிமத்திலும் தொடர்ந்து கிடைக்கும் என்று 2013இல் அளிக்கப்பட்ட உறுதி நான்கு ஆண்டுகளே நீடித்தது. 2015இல் 149 டாலருக்கு வந்த ஆறாம் பதிப்பே கடைசி என்று 2017 அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. படம் எடுத்த இடத்தை நிலப்படத்தில் காட்டும் அதன் வசதி, வெளியிலிருந்து பெற்ற நிலப்படச் சேவையை நம்பியிருந்ததால், 2018 நவம்பர் இறுதியில் நின்றுபோனது. வாங்கிய மென்பொருளும் வேறொரு சேவையைச் சார்ந்திருந்தால் பாதியில் முடங்கும் என்பதற்கு இது சான்று.

அமெரிக்க அரசின் தடையாணையைக் காட்டி வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக 2019 அக்டோபரில் அடோபி அறிவித்தது. அந்த மாத இறுதியிலேயே அரசிடம் அனுமதி பெற்றுச் சேவையைத் தொடர்ந்தது என்றாலும், தாம் எந்தத் தவறும் செய்யாத வடிவமைப்பாளர்களின் தொழிற்கருவி வேறொரு நாட்டின் ஆணையால் சில வாரங்களில் பறிபோகக்கூடும் என்ற உண்மை வெளிப்பட்டது. பெட்டியில் வாங்கிய பழைய போட்டோஷாப்புக்கு அத்தகைய ஆபத்து பெரிதும் இருந்ததில்லை.

விலகுவதும் எளிதன்று. ஆண்டு ஒப்பந்தத்துக்கு மாதாமாதம் பணம் செலுத்தும் திட்டத்தில் சேர்ந்தவர் இடையில் நீங்கினால் கட்டணம் உண்டு என்பதை மறைத்ததாகவும், நீங்கும் வழியை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசு 2024 ஜூனில் கலிபோர்னியாவில் அடோபிமீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரி முதல், 20 ஜிகாபைட் சேமிப்பிடத்துடன் 9.99 டாலருக்குக் கிடைத்துவந்த ஒளிப்படத் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. மாதாமாதம் செலுத்திவந்த பழைய சந்தாதாரர்களுக்கு அதன் கட்டணம் 14.99 டாலராக உயர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் மாறாதிருந்த விலை ஒரே அறிவிப்பில் பாதியளவு கூடியபோது, பயனருக்கு இருந்த தெரிவுகள் அதைச் செலுத்துவதும், ஆண்டுக் கட்டணத்தை ஒரேயடியாக முன்கூட்டிச் செலுத்துவதும், வெளியேறுவதும்தாம். மேலும் பணம் செலுத்தாமல் பழைய பதிப்போடு தங்கிவிடும் வழி இல்லை.

மாற்று வழிகள் உள்ளன. 1990களின் நடுவில் பெர்க்லி மாணவர் இருவர் தொடங்கிய கிம்ப்பும், ரா கோப்புகளுக்கான டார்க்டேபிளும் கட்டற்ற மென்பொருள்கள்; அவற்றின் மூல நிரல் பொதுவில் இருப்பதால் எவராலும் திரும்பப் பெற முடியாது. ஆனால் மென்பொருளை மாற்றுபவர் தம் பழைய திருத்தங்களை அதே தோற்றத்தில் உடன் கொண்டுபோக இயலாது. ஆகவே, எந்தச் சந்தாவில் இருந்தாலும், முதன்மையான படங்களின் ரா கோப்பையும் திருத்தம் முடிந்த வடிவத்தையும் தம் சொந்த வட்டில் சேர்த்துவைப்பது ஒவ்வோர் ஒளிப்படக்கலைஞரும் தள்ளிப்போடக் கூடாத வேலை. திருத்திய வடிவத்துக்கு டிஃப் கோப்பு ஏற்றது. அதன் அமைப்பு விவரம் பல பத்தாண்டுகளாகப் பொதுவில் இருப்பதால், பெரும்பாலான படத்திருத்த மென்பொருள்களில் அது திறக்கும்.