மத்தும் சாக்லேட்டும்

செலாயாங் அடுக்குமாடி வீடொன்றில் பிறந்தநாள் விருந்தென்றால், முறுக்கும் கேசரியும் இருந்த மேசையில் இன்று சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் சாக்லேட் மூஸ் வந்து அமர்கிறது. கடையில் வாங்கியதன்று, வீட்டிலேயே, கேக் மாவு அடிக்கும் கை மிக்சரைக் கொண்டு அரைமணி நேரத்தில் அடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தது. 'மூஸ்' என்பது பிரெஞ்சுச் சொல். அதன் பொருள் நுரை என்பதே. பெயர் அயலாயினும், அந்த நுரையை எழுப்பும் தொழில் நம் பாட்டிமார் கைக்குப் பழகியதுதான். இவ்வினிப்பு நம் வீட்டுக் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்த வழியை ஆராயின், அம்மியும் மத்தும் அவ்வழியில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுதல் வியப்பளிக்கும்.

கொக்கோ மரத்தின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். மாயா மக்களும், அவர்க்குப் பின்னர் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளும் கொக்கோ விதையை வறுத்து, தோல் நீக்கி, கல்லில் அரைத்தனர். அக்கல்லின் பெயர் மெட்டாட்டே; அதன்மேல் இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டும் கற்குழவியின் பெயர் மானோ. படத்தைப் பார்க்கும் தமிழ் மாணவன் எவனும் "இது நம் அம்மி" என்றே கூறுவான். மெட்டாட்டேக்குப் பெரும்பாலும் மூன்று கால்கள் உண்டு. நம் அம்மி தரையோடு தரையாய்க் கிடக்கும். வேற்றுமை அவ்வளவே. அரைத்த விழுதை நீரிற் கரைத்துப் பருகிய அம்மக்கள், அதன் நுரையையே மேலான பகுதியாகக் கருதினர். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாயா மட்கலம் ஒன்றில், ஒரு பெண் நின்றபடி ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு உயரத்திலிருந்து சாக்லேட்டை ஊற்றும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் 'தே தாரிக்' ஆற்றுவோர் செய்வதும் இதுவன்றோ! ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவைக் கைப்பற்றிய பின்னர் மொலினிய்யோ என்னும் மரக்கருவி வழக்கிற்கு வந்தது. நீண்ட காம்பும் அடியில் வரிவரியாகச் செதுக்கிய தலையும் கொண்ட அதனை, இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துச் சுழற்றினால் நுரை பொங்கும். தயிர் கடையும் மத்தை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

தமிழ் இவ்வினைகளை எத்துணை நுட்பமாகப் பிரித்து வைத்துள்ளது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். அம்மியில் அரைப்பது வேறு. உரலில் இடிப்பது வேறு. திரிகையில் திரிப்பது வேறு. மத்தினால் கடைவது வேறு. குவளைக்குக் குவளை ஆற்றுவது வேறு. சாக்லேட் இவற்றுள் அரைத்தல், ஆற்றுதல், கடைதல் என்னும் மூன்றையும் தன் வரலாற்றில் கண்டுவிட்டது.

ஐரோப்பாவில் சாக்லேட் நெடுங்காலம் பானமாகவே இருந்தது. மெனோன் என்னும் பிரெஞ்சுச் சமையல் நூலாசிரியர் 1755இல் வெளியிட்ட நூலில் சாக்லேட் நுரையினிப்பு இடம்பெற்றுள்ளது. இதனை ஓவியர் துலூஸ் லோத்ரெக் கண்டுபிடித்தார் என்று சிலர் கூறுவர். அவர் பிறந்ததோ 1864இல்! 1828இல் வான் ஹூட்டன் என்னும் டச்சு நிறுவனத்தார் கொக்கோ விழுதிலிருந்து கொழுப்பைப் பிழியும் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றனர். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை நிறுவனம் கடித்துண்ணும் சாக்லேட் கட்டியைச் செய்தது. 1879இல் சுவிட்சர்லாந்தின் ரோடோல்ஃப் லிண்ட், நீண்ட கல் தொட்டியில் கல்லுருளை ஒன்று மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஓடி விழுதை மென்மையாக்கும் பொறியை அமைத்தார். ஆள் தள்ளாத பேரம்மி என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாக்காவில் 1778இல் கொக்கோ மரம் இருந்தமைக்குக் குறிப்பு உண்டு. வாணிக நோக்கில் பெரும் பயிராக அது எழுந்தது 1950களில், திரெங்கானுவின் ஜெராங்காவ் பகுதியில்தான். பின்னர் சபாவில் தாவாவ் வட்டாரத்திலும், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பேராக்கின் பாகான் டத்தோ முதல் சிலாங்கூரின் கடலோரம் வரையிலும் பரவியது. மேற்குக் கரையில் அதற்குத் தனி நிலம் தேவைப்படவில்லை. கொக்கோ நிழலை விரும்பும் மரம். தென்னையோ உயர்ந்து நின்று கீழே வெற்றிடம் விடும் மரம். ஆகவே தென்னந்தோப்புகளில் தென்னைக்கு இடையே கொக்கோவை நட்டனர்.

அத்தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பலர். கொக்கோக் காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை; அடிமரத்திலும் பருங்கிளையிலும் நேரடியாக ஒட்டிக்கொண்டு காய்க்கும். காம்பு முளைத்த இடத்தைக் காயப்படுத்தினால் அடுத்த பருவத்துப் பூ அங்கு வராது. ஆதலின் கத்தியை மிகுந்த கவனத்தோடு செலுத்த வேண்டும். காயை உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது விதைகள் புளிப்பும் இனிப்புமான வெண்சதையில் பொதிந்திருக்கும். விதைகளைப் பெட்டிகளிலிட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, இடையிடையே கிளறி, பின்னர் உலர்த்த வேண்டும். சாக்லேட்டின் மணம் ஆலையில் மட்டும் பிறப்பதன்று. புளிக்கவைக்கும் அப்பெட்டியிலேயே அதற்குக் கருவாகிறது. காயை உடைத்த கைக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. அவ்விதை கடல் கடந்து வண்ணத்தாள் சுற்றித் திரும்பியபோது, அதனை வாங்குவது தோட்டத்துக் குடும்பத்திற்கு எளிதாக இருக்கவில்லை. தோட்ட வரலாறு எழுதுவோர் ரப்பரையும் செம்பனையையும் எழுதிய அளவிற்குக் கொக்கோவை எழுதாமை ஒரு குறையே.

1990இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன்னைத் தொட்டது. உலகின் முன்னணி உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக நாடு விளங்கியது. அதன் பின்னர் விலை வீழ்ந்தது. காய்துளைப்பான் என்னும் பூச்சி பெருகியது. செம்பனை ஊதியம் மிகுந்ததாயிற்று. மரங்கள் வெட்டப்பட்டன. இன்று உள்நாட்டு விளைச்சல் மிகச் சொற்பம். ஆயினும் வெளிநாட்டு விதையை இறக்குமதி செய்து அரைக்கும் தொழிலில் மலேசியா இன்னும் முன்வரிசையில் நிற்கிறது. விளைவித்த நாடு அரைக்கும் நாடாக மாறிற்று.

அரைத்தலுக்கும் கடைதலுக்கும் கையை விடுத்து மின்னாற்றலை நாடிய கதை செலாயாங்கிற்கு அண்மையிலேயே தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் உள்ள ரவாங்கில், 1894இல் ஈயச்சுரங்கத்திற்கு மின்னாக்கியைப் பொருத்தியோர் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். பத்துமலைக் கோயிலோடு பெயர் பிணைந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். மலாயாவில் மின்சாரம் ஏறிய தொடக்கப் படியில் ஒரு தமிழரின் கால் இருந்தது. ஆனால் அந்த ஒளி தமிழ்த் தொழிலாளியின் வீட்டை அடைவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. மத்திய மின்சார வாரியம் 1949இல் நிறுவப்பட்ட பின்னரும், தோட்ட லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கிலும், சில மணி நேரமே ஓடும் தோட்டத்து மின்னாக்கியிலும் காலம் கழித்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகல் கடந்து பால் சுமந்து வந்த பெண், மாலையில் அம்மி முன் அமர்ந்து மிளகாய் அரைத்தாள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள். கூலிப் பதிவேட்டில் அவ்வுழைப்பிற்குக் கட்டமே இல்லை.

கோயம்புத்தூரில் 1955இல் ப. சபாபதி என்பார் மின்சார மாவரைப்பானை உருவாக்கினார். கல்லைக் கைவிடாமல், கல்லைச் சுழற்றும் வேலையை மட்டும் மோட்டாரிடம் ஒப்படைத்தமையே அவர் நுட்பம். மும்பையில் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியியலாளர், தம் மனைவியாரின் வெளிநாட்டு மிக்சி இந்தியச் சமையலின் கடினத்தைத் தாங்காது பழுதுற்றதைக் கண்டு, தாமே ஒன்றைச் செய்ய முற்பட்டார். 'சுமீத்' என்னும் மிக்சி அவ்வாறு பிறந்தது. அதன் பின்னர் தமிழ்நாட்டு அரசு 2011இல் மிக்சியையும் மாவரைப்பானையும் விலையின்றி வழங்கும் திட்டத்தையே தொடங்கிற்று.

இங்கே வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தை எடுக்கிறது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிலர் கொக்கோ விதையிலிருந்து வீட்டளவிலேயே சாக்லேட் செய்ய விழைந்தனர். ஆலைப் பொறிகளோ மலையளவு, விலையும் அவ்வாறே. தேடிய கண்களுக்குத் தென்பட்டது, இட்லி மாவு அரைக்கும் தமிழ்நாட்டு மேசை மாவரைப்பான். கருங்கல் தட்டின்மேல் கருங்கல் உருளைகள் ஓடும் அதன் அமைப்பு கொக்கோ விழுதிற்கும் பொருந்தியது. இட்லி மாவு அரைமணியில் அமையும். சாக்லேட்டோ ஓரிரு நாள் இடைவிடாது அரைபட வேண்டும். ஆதலின் மோட்டாரை வலுப்படுத்திச் சாக்லேட்டிற்கென்றே தனி வகை செய்யலாயினர். இன்று உலகின் பல மூலைகளிலுள்ள சிறு சாக்லேட் பட்டறைகளில் ஓடுவது ஆட்டுக்கல்லின் வழித்தோன்றலே. மெட்டாட்டேயில் தொடங்கிய விதை அம்மியின் குடும்பத்திற்கே திரும்பி வந்துவிட்டது.

மூஸ் செய்வதற்கு மிக்சி ஏற்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் கூர்த்தகடு மிகு வேகத்தில் சுழன்று கொழுப்பை வெண்ணெயாகத் திரட்டிவிடும். நுரைக்கு வேண்டியது வெட்டும் தகடன்று; காற்றை உள்ளிழுத்துச் சேர்க்கும் கம்பிக் கூடு. கை மிக்சரின் இரட்டைக் கூடுகள் மத்தின் தலையே ஆகும். பாலாடைக்கு மாற்றாகத் தேங்காயின் தலைப்பாலைக் கொள்ளுதல் நம் நாட்டிற்கு இசைந்தது. செலாயாங் சந்தையில் நீர் கலவாது பிழிந்த பால் நானூறு மில்லிலிட்டரை இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே திரண்டு கட்டியாகும். அடியில் நிற்கும் நீர்ப்பாலில் நூறு மில்லிலிட்டரைச் சூடாக்கி, நறுக்கிய கருஞ்சாக்லேட் நூற்றைம்பது கிராமின் மேல் ஊற்றிக் கரைக்க வேண்டும். தனியே உருக்குங்கால் ஓரிரு துளி நீர் பட்டாலும் சாக்லேட் இறுகிக் கட்டியாகிவிடும். நீர்மம் தாராளமாக இருந்தால் அத்தொல்லை இல்லை. கிண்ணத்தையும் கம்பிக் கூடுகளையும் கால்மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, திரண்ட கட்டியை அதிலிட்டு மூன்று நான்கு நிமிடம் அடித்தால் நுரை நிற்கும். வெப்பமிக்க நம் நாட்டில் குளிர்ச்சியே நுரைக்கு உயிர். கொழுப்பு இளகினால் பிடித்த காற்று நழுவிவிடும். கரைத்த சாக்லேட் வெதுவெதுப்பு நிலைக்கு ஆறிய பின்னர், நுரையை மூன்று பங்காக அகப்பையால் மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். அந்நிலையில் கை மிக்சரை அணைத்துவிடுவதே முறை.

மூன்று மணி நேரம் குளிர்ந்த பின்னர் எடுத்தால், பாகான் டத்தோவின் ஒரே தோப்பில் ஒன்றன் நிழலில் ஒன்றாய் நின்ற தென்னையும் கொக்கோவும் அக்கிண்ணத்தில் ஒன்றாய்க் கலந்திருக்கும். மேசையருகே அமர்ந்திருக்கும் பாட்டி, முதற் கரண்டியை வாயிலிட்டு, "கொஞ்சம் கசக்குதே" என்பார்.