கவிஞர் வாழ்ந்த வீதி

மாணவர்களே, ஊரால் பெயர் பெறுவோர் பலர். ஊருக்குப் பெயர் தேடித் தருவோர் மிகச் சிலர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இவ்விரு திறத்தினராகவும் விளங்கியவர்.

1888ஆம் ஆண்டில், காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் அவர் பிறந்தார். தந்தையார் காவல்துறை ஊழியர். மகனும் அவ்வேலையையே ஏற்கவேண்டுமென விரும்பினார். மகன் கையோ தூரிகையை நாடிற்று. ஓவியராய்ப் புகழ் பெற்றவர், பின்னர்க் கவிதையால் நாட்டைக் கவர்ந்தார். 1930ஆம் ஆண்டில் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள், அவர் இயற்றிய பாட்டையே வழிநடைப் பாட்டாகக் கொண்டனர். 1932இல் அவர் சிறை புகுந்தார், 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார், 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1972இல் மறைந்தார்.

சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று ‘நாமக்கல் கவிஞர் மாளிகை’ என வழங்குகிறது. ஆனால் அவர் வாழ்ந்தது மாளிகையிலன்று. ஒற்றைப் பாறைக் குன்றின்மேல் கோட்டை நிற்கும் நாமக்கல்லில், குடும்பங்கள் வாழும் ஓர் அமைதியான வீதியே அவர் வீடிருந்த இடம். அவ்வீட்டை அரசு நினைவில்லமாக்கியது. அங்கே நூலகமும் அமைந்தது. அந்த வீதியின் பெருமைக்கு இதுவே தக்க அடையாளமாகும்.

பெயர்ப்பலகை ஒருவர் இருந்த இடத்தைக் காட்டும். அவர் எண்ணிய எண்ணத்தைக் காட்டாது. அதனைக் காட்டவல்லவை அவருடைய நூல்களே. கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்கள் அவ்வீட்டுக்கும் செல்லுக. வாயிலில் வணங்கியதோடு திரும்பிவிடாது, உள்ளே அமர்ந்து ஒரு நூலையேனும் படித்து வருக. படிப்பார் இல்லையேல், புகழ்பெற்ற வீடும் பூட்டிய வீடேயன்றோ?