சண்டிகர் பாறைத் தோட்டம்: படங்கள் சொல்வதும் சொல்லாததும்

சண்டிகர் பாறைத் தோட்டத்தைப் படமெடுக்காமல் திரும்பும் பயணியர் அரிது. ஆயினும் அப்படங்களைக் கொண்டு தோட்டத்தின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. படங்கள் ஏராளம்; அவற்றில் வரலாறு சொற்பம்.

நேக் சந்த் 1924இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஷகர்கட் பகுதியில் பிறந்தவர். பிரிவினையால் ஊரை இழந்து வந்து, லெ கார்பூசியே திட்டமிட்ட புதிய தலைநகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளரானார். அந்நகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த ஓட்டுச்சில்லுகள், பீங்கான் துண்டுகள், உடைந்த வளையல்கள், பழைய மிதிவண்டிச் சட்டங்கள் ஆகியவற்றை 1950களின் பிற்பகுதியிலிருந்து அவர் சேகரித்தார். கட்டுமானம் தடைசெய்யப்பட்ட காட்டுநிலத்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவாக உழைத்தார். அதிகாரிகள் கண்டறிந்தபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடித்திருக்கலாம். மக்கள் ஆதரவால் தப்பி, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

மறைவில் நடந்த வேலைக்குக் கட்டுமானக் கட்டங்களைக் காட்டும் முறையான படவரிசையை எதிர்பார்க்க இயலாது. எனவே தொடக்க காலத்துக்குப் பொருள்களே முதன்மைச் சான்று. ஒரு பெண்ணுருவின் மேனியில் பதிந்த வளையல் துண்டு, யாரோ ஒருத்தி கையில் அணிந்தது. தொலைவிலிருந்து எடுத்த அழகிய படத்தில் அது வெறும் வண்ணம். அணுகி எடுத்த படத்தில் அது ஆவணம்.

இரண்டாவது சிக்கல், படச்சட்டகம். ஓர் உருவத்தைத் தனியே வெட்டியெடுத்துக் காட்டும்போது அது அருங்காட்சியகச் சிற்பமாகிவிடுகிறது. தோட்டத்திலோ அவை அணியணியாக, ஒரு கூட்டமாக நிற்கின்றன. சண்டிகரில் தனிமனிதர் சிலைகளை நிறுவலாகாது என்பது லெ கார்பூசியேயின் நகரச் சாசனம். அந்நகரின் தலைமைச் செயலக வளாகத்துக்கு அருகிலேயே பெயரற்றோரின் பெருங்கூட்டம் ஒன்று எழுந்தது. இந்த முரண், கூட்டத்தையும் இடத்தையும் சேர்த்துக் காட்டும் படத்தில்தான் புலப்படும். குனிந்து நுழைய வைக்கும் தாழ்ந்த வாயில்களின் அனுபவத்தையோ எந்த ஒற்றைப் படமும் தராது. நடைவழியை வரிசையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, உழைப்பு. ‘ஒற்றை மனிதரின் கனவு’ என்ற வாசகம் தொடக்க காலத்துக்குப் பெரிதும் பொருந்தும். 1976க்குப் பின் அவருக்கு ஊதியத்துடன் பதவியும், உதவிக்கு ஐம்பதளவில் பணியாளரும் கிடைத்தனர். அருவிகளும் உயர்ந்த மதில்களும் அவர்கள் கைகளாலும் உருவானவை. தனியாக நிற்கும் கலைஞரின் உருவப்படம் அவர்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இது வெறும் ஆய்வுமுறை விவாதம் அன்று. 1996இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்தபோது சிலைகள் பல சேதப்படுத்தப்பட்டன. 2015இல் அவரும் மறைந்தார். பயிற்சி பெறாக் கலைஞரின் படைப்புக்கு வரைபடமில்லை, பொருட்பட்டியலில்லை. செய்முறை அவர் கையோடிருந்தது. உடைந்ததைச் சீரமைக்க வருபவருக்குப் பழைய படமே வழிகாட்டி. அப்படம் முகப்பை மட்டும் காட்டினால், பின்புறத்தையும் உள்ளிருக்கும் சட்டத்தையும் அவர் ஊகிக்கவே நேரும். ஊகத்தில் செய்த சீரமைப்பு மெல்ல மெல்ல வேறொரு தோட்டத்தையே உருவாக்கிவிடும்.

லாஸ் ஏஞ்சலிசில் வாட்ஸ் கோபுரங்களைப் படமெடுத்த சீமோர் ரோசன், 1978இல் இத்தகைய படைப்புகளுக்கென்றே ‘ஸ்பேசஸ்’ என்னும் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். படமெடுப்பதும் பாதுகாப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை அம்முயற்சி உணர்த்துகிறது.

களத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருவத்தின் பின்புறத்தையும் எடுங்கள். அளவுகோலை அருகில் வையுங்கள். நாளையும் திசையையும் குறியுங்கள். அங்கே பூச்சு வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளி ஒப்பினால், அவரையும் அவர் பெயரையும் பதிவுசெய்யுங்கள். பெயரற்றோரைச் சிலையாக்கிய தோட்டத்தில் அதைக் கட்டியோரும் பெயரற்றுப் போகலாகாது.