கட்டிழந்த கலங்கள்

உடலின் கலங்கள் தேவை நோக்கிப் பிரிவன. தேவை தீர்ந்ததும் பிரிவை நிறுத்துவன. காயம் ஆறியதும் அவ்விடத்துக் கலப்பெருக்கம் அடங்குதல் இதற்குச் சான்றாகும். இவ்வடக்கத்தை இழந்த கலத்தின் வழித்தோன்றல்களே புற்றுநோயாகின்றன. இவ்வுண்மை புலப்பட்ட வரலாற்றில் ஒரு கோழிக்கும் இடமுண்டு.

நியூயோர்க் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பெய்ற்றன் றவுஸ், கோழியொன்றின் நெஞ்சிற் கண்ட கட்டியை அரைத்து, கலங்களும் பற்றீரியங்களும் புகாத நுண்வடியில் வடித்து, அந்நீரை வேறு கோழிகளுக்கு ஏற்றினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. 1911 இல் வெளியான இம்முடிவை அறிஞர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தினாரல்லர். நோபெல் பரிசு அவரை அடைந்ததோ 1966 இல், 87 ஆம் வயதிலாம்!

நோய்க்கு வித்து வைரசிடமே உள்ளதென எண்ணியிருந்தோரை 1976 ஆம் ஆண்டு ஆய்வொன்று வியப்பில் ஆழ்த்தியது. அவ்வைரசின் புற்றாக்கும் பரம்பரையலகையொத்த ஒன்று நோயற்ற கோழியின் கலங்களிலேயே இருத்தலைப் பிஷப், வாமஸ் குழுவினர் காட்டினர். வைரசு அதனைக் கோழியிடமிருந்தே கவர்ந்திருந்தது. இயல்பான கலத்தில் அவ்வலகு ஆக்கும் புரதம் வளர்ச்சிக்கான ஏவலைக் கடத்துவது; வேண்டாதபோது அதன் வாற்பகுதி மடிந்து அதனை அடக்கிவைக்கும். வைரசின் புரதத்திலோ அடக்கும் அவ்வாற்பகுதி இல்லை. ஆதலின் ஏவல் ஓய்வதில்லை.

மனிதரில் வைரசு இன்றியே, புகையிலைப் புகையாலும் கதிர்வீச்சாலும் இத்தகைய அலகுகள் பழுதுறலாம். பெரும்பாலும் ஒரு பழுது போதாது. பிரிவைத் தடுக்கும் அலகுகளும் கெடவேண்டும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய்க்கு இரு பழுதுகள் வேண்டுமென 1971 இல் நட்சன் கணித்தார். ஒரு பழுதுடனேயே பிறக்கும் குழந்தைக்கு இன்னுமொன்றே போதும். அத்தகையோரில் பெரும்பாலும் இரு கண்களிலும் நோய் தோன்றுதல் இதனாலேயாம்.