மேசைக் கணினியின் காத்திருப்பு மின்நுகர்வு

மேசைக் கணினியை முறைப்படி நிறுத்திய பிறகும், சுவரிலுள்ள சுவிட்ச் போடப்பட்டிருக்கும் வரை அது எடுத்துக்கொண்டிருக்கும் சிறிதளவு மின்சாரம் காத்திருப்பு மின்நுகர்வு எனப்படுகிறது. திரை இருண்டு விசிறியின் ஓசையும் அடங்கிவிடுவதால், கணினி முழுவதும் அணைந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். 1990களின் நடுப்பகுதி வரை அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

பழைய சுவிட்சும் புதிய பொத்தானும்

ஐ.பி.எம். நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏ.டி. கணினியின் வழிவந்த பெட்டிகளில் இருந்தது உண்மையான சுவிட்ச். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரமே தடித்த கம்பி வழியாக அந்தச் சுவிட்சைக் கடந்து சென்றது. அதை அணைத்தால் பெட்டிக்குள் மின்சாரம் இல்லை. விண்டோஸ் 95 பயன்படுத்தியவர்களுக்கு, இனி கணினியை அணைக்கலாம் என்று ஆரஞ்சு நிற எழுத்துகளில் தோன்றும் அறிவிப்பு நினைவிருக்கும். அத்தகைய கணினியால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள முடியாது; அந்தக் கடைசி வேலையை மனிதரே செய்ய வேண்டியிருந்தது.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய வடிவமைப்பைக் கொண்டுவந்தது. இதில் முகப்பிலுள்ள பொத்தானுக்கும் சுவர் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பொத்தான் தாய்ப்பலகைக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, தாய்ப்பலகை பச்சைக் கம்பி வழியாக மின்வழங்கியை (எஸ்.எம்.பி.எஸ்.) இயங்கச் செய்கிறது. அந்தச் சமிக்ஞையைப் பெறுவதற்கு ஏதோ ஒரு பகுதி எப்போதும் விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக ஊதாக் கம்பியில் 5 வோல்ட் மின்சாரம் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கிறது. விசைப்பலகையைத் தட்டிக் கணினியை எழுப்புவதும், வலையமைப்பு வழியாகத் தொலைவிலிருந்து எழுப்புவதும் இதனால்தான் இயலுகிறது. வசதிதான், ஆனால் அணைத்தல் என்ற சொல்லின் பொருளே அதனால் மாறிவிட்டது.

ஒரு வாட் திட்டம்

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் இந்தக் கசிவை அளந்து எழுதியவர்களில் முன்னோடி. எந்தக் கருவியும் காத்திருப்பில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்ற அவரது கருத்தைப் பன்னாட்டு ஆற்றல் முகமை 1999இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று வரம்பு விதித்தது. இன்றைய தாய்ப்பலகைகளின் பயாஸ் பட்டியலில் காணப்படும் 'இ.ஆர்.பி.' என்ற தெரிவு இந்த விதிகளின் விளைவே. அதை இயக்கினால் ஊதாக் கம்பியை நம்பியுள்ள பெரும்பாலான பகுதிகள் நிறுத்தப்படும். தொலைவிலிருந்து எழுப்பும் வசதியும் போய்விடும்.

பாபநாசத்தை வைத்து ஒரு கணக்கு

நிறுத்திய நிலையில் ஒரு கணினி 3 வாட் எடுப்பதாகக் கொள்வோம். நாள் முழுவதும் அப்படியே இருந்தால் 60 நாளில் 4.32 யூனிட் ஆகும். இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் இது யார் கண்ணிலும் படாது.

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் இயங்கி வருகிறது. இப்போது அதன் திறன் நான்கு இயந்திரங்களிலுமாக 32 மெகாவாட். ஓர் இயந்திரத்துக்கு 8 மெகாவாட். மேற்கண்டவாறு 10 லட்சம் கணினிகள் காத்திருந்தால் அவற்றுக்கு 3 மெகாவாட் வேண்டும். முழு வேகத்தில் சுழலும் ஓர் இயந்திரத்தின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, யாரும் பயன்படுத்தாத பெட்டிகளுக்கே போய்விடும். கோடையில் அணையின் நீர் குறைந்தால் உற்பத்தியும் குறைகிறது. காத்திருக்கும் கணினிகளின் தேவை மட்டும் குறைவதில்லை.

குறைக்கும் முறை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் சுவர்த் துளைகளுக்குச் சுவிட்ச் இருப்பதில்லை. இந்தியாவில் பொதுவாக ஒவ்வொரு துளைக்கும் அருகில் ஒன்று உண்டு. அங்கே சட்டம் போட்டுச் சாதிக்க வேண்டியதை இங்கே ஒரு விரலால் செய்துவிடலாம். மின்வழங்கியின் பின்புறம் சுவிட்ச் இருந்தால் அதுவும் இதே பயனைத் தரும்.

யு.பி.எஸ். உள்ள இடத்தில் மட்டும் வரிசை முக்கியம். கணினியை நிறுத்தியதும் சுவர்ச் சுவிட்சை முதலில் அணைத்தால், மின்தடை ஏற்பட்டதாகக் கருதி யு.பி.எஸ். ஒலி எழுப்பும், அதன் பேட்டரியும் வீணாகத் தீரும். ஆகவே முதலில் யு.பி.எஸ். பொத்தானை அணைத்து, அதன்பின் சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைத்தால் அதன் பேட்டரி கெடும். இடையிடையே மின்னேற்றிக்கொள்வது நல்லது.

சுவிட்சை அணைத்தால் கணினியின் நேரம் தவறிவிடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர்.2032 என்ற நாணய வடிவ பேட்டரி கடிகாரத்தை ஓட்டும். ஊதாக் கம்பியின் துணை இல்லாததால் அது சற்று விரைவில் தீரலாம். அப்போது கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும் புதிய பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம்.