உடல் பருமன் அறுவை சிகிச்சைக்கான காப்பீட்டு ஒப்புதல்

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையின் செலவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க, பாலிசிதாரர் சில நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமியும், உணவுப் பாதையை மாற்றி இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸும் இவ்வகையில் முதன்மையானவை. இந்தியாவில் இந்நிபந்தனைகளுக்கு அடிப்படை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் வெளியிட்ட, பாலிசி விலக்குகளை ஒரே சீராக்கும் வழிகாட்டுதல்கள்.

நிபந்தனைகள்

அந்த வழிகாட்டுதல்களில் உடல் பருமன் பற்றியது ஆறாம் எண் விலக்கு. நான்கு நிபந்தனைகளும் நிறைவேறாத சிகிச்சைக்கு இழப்பீடு இல்லை என்கிறது அது: மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட வேண்டும், உறுப்பினருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) குறித்த அளவை எட்டியிருக்க வேண்டும்.

பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடை அளவு நிபந்தனை நிறைவேறிவிடும். 35 அல்லது அதற்கு மேல், ஆனால் 40க்குள் இருந்தால், எளிய முறைகளில் எடையைக் குறைக்க முயன்றும் பலனில்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். மூட்டுவலி, உயர் ரத்த அழுத்தம், குழந்தையின்மை ஆகியவை இப்பட்டியலில் இல்லை.

160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பி.எம்.ஐ. 40 என்பது 102.4 கிலோ, 35 என்பது 89.6 கிலோ.

மருத்துவ அளவுகோலுடன் வேறுபாடு

40, 35 என்னும் எல்லைகள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் கூட்டிய வல்லுநர் மாநாட்டின் பரிந்துரையை ஒத்தவை. பன்னாட்டு, அமெரிக்க பேரியாட்ரிக் மருத்துவ அமைப்புகள் 2022இல் அவற்றைத் தளர்த்தின. 35ஐ எட்டியவருக்கு உடன்நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 அளவிலேயே அவ்வாய்ப்பை அளிக்கலாம் என்றும் அவை கூறின. எனவே மருத்துவர் தகுதி என்று சொல்பவரும் பாலிசியின் கண்ணில் தகுதியற்றவராக இருக்கக்கூடும்.

காத்திருப்புக் காலம்

பாலிசி எடுக்கும்போதே நீரிழிவு போன்ற நோய் இருந்தால், அதற்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதங்கள். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதங்கள். முன்மொழிவுப் படிவத்தில் எடையையும் நோயையும் மறைப்பது பிற்பாடு இழப்பீடு மறுக்கப்படக் காரணமாகும். 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி இக்காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது.

ஆவணங்கள்

ஆவுடையார்கோவில் போன்ற வட்டத் தலைநகரிலிருந்து இச்சிகிச்சைக்குத் திருச்சிக்கோ மதுரைக்கோ செல்பவருக்கு, உள்ளூர் மருத்துவரிடம் பார்த்த பழைய சீட்டுகளே முக்கியச் சான்று. தேதியிட்ட எடைப் பதிவுகள், உணவுக் கட்டுப்பாட்டு ஆலோசனைக் குறிப்புகள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முடிவுகள் ஆகியவை எளிய முறைகள் பலிக்கவில்லை என்பதைக் காட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து பெறுவோர் அந்தச் சிகிச்சைப் பதிவையும் இணைக்கலாம். தூக்க மூச்சுத்திணறலுக்கு உறக்க ஆய்வும், இதய நோய்க்கு எக்கோ போன்ற பரிசோதனை முடிவுகளும் தேவை.

தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் முன்னரே பார்க்க வேண்டும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும். பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின் விதி. எடை குறைந்தபின் தொங்கும் தோலை அழகுக்காக நீக்கும் சிகிச்சை தனி விலக்கில் அடங்கும்.

மறுப்பும் முறையீடும்

மறுக்கும் நிறுவனம், எந்த விதியின்படி மறுக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். பாலிசிதாரர் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு தர வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.